ஒரு சுவர் நின்றால் போதும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது காதல் கதையாகத்தான் வந்திருக்க வேண்டும்.

ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்குக் கேட்டிருந்தார்கள். வழக்கமான உங்கள் குடும்பக் கதை போதும், கடைசியில் மனசு நிறைய வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் வீட்டில், பாத்திரத் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல் உண்டு. அதில் தெரிவது பக்கத்து வீட்டு ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்டின் கராஜ். வீட்டோடு ஒட்டாமல், தோட்டத்தின் கோடியில், பின்சந்தைப் பார்த்தபடி தனியாக நிற்கிற மரக் கட்டடம். அன்றைக்கு அதன் முன்னால் வெர்ன் மாக்கியின் பிக்கப் வண்டி நின்றது. முந்தின நாளும் நின்றது.

கணவனை இழந்தவள் ஒருத்தி. மனைவியை இழந்தவர் ஒருவர். நடுவில் பழுது பார்க்க ஒரு கராஜ். கதை தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதிய தொடக்கங்கள் இவை:

சுப்பீரியர் ஏரியின் மேலிருந்து வீசிய காற்றில் ஆர்டிஸின் நரைத்த கூந்தல்

[நிறுத்திவிட்டேன். ஆர்டிஸ் முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள். மேலே ஸ்கூல் பஸ் ஓட்டுநர் தொப்பி. எந்த ஏரிக் காற்றும் அதை அசைத்ததில்லை.]

சாய்ந்து நின்ற அந்தக் கராஜைப் போலவே அவள் வாழ்க்கையும்

[இதையும் விட்டுவிட்டேன். அவள் வாழ்க்கை நேராகத்தான் இருந்தது. கராஜ்தான் சாய்ந்திருந்தது.]

"நான் கராஜுக்குக் குடி போறேன்" என்றாள் ஆர்டிஸ்.

இது நிற்கட்டும். இது அவளே சொன்னது, நான் காதால் கேட்டது.

2

அவள் அதைச் சொன்னபோது நான் அந்தச் சமையலறையில் இருந்தேன். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டைப் போட்டு அவள் செய்த கேக் வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸின் மகள் கிரெட்டா, ஆளுக்கொரு பக்கமாக இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பலில் வேலை செய்கிறான். பனி உருகிய பிறகு வாரக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. அதனால் கிரெட்டா குழந்தைகளோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கிரெட்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க போற?"

"கராஜுக்கு. கொஞ்சம் சரி பண்ணிட்டா நல்ல இடம் அது. வீடு உனக்கும் பிள்ளைங்களுக்கும் இருக்கட்டும்."

"ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? மக வந்தா, அம்மாவைக் கார் நிறுத்துற இடத்துக்கு அனுப்பிட்டான்னு பேசுவாங்க."

"கார் நிறுத்துற இடம்னு யாரு சொன்னது? அதுக்குள்ள கார் நுழைஞ்சே பல வருஷமாச்சு."

நான் தட்டை வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். ஆர்டிஸ் என்னை உட்காரச் சொல்லி ஒரு காபி ஊற்றினாள். சாட்சி வேண்டும்போல.

(இந்த இடத்தில் வாசகர்களில் சிலர் கிரெட்டாவின் மேல் கோபப்பட ஆரம்பித்திருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். உங்களுக்காகத்தான் இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். பெற்றவளை வெளியே தள்ளிய மகள் என்ற வரி உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இங்கே தள்ளுகிறவள் அம்மா. போகாதே என்று பிடித்து இழுக்கிறவள் மகள்.)

ஆர்டிஸ் இருபது வயதில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். அது மாமியாரின் வீடு. எந்த இழுப்பறையில் எந்தக் கரண்டி என்பதை மாமியார் முடிவு செய்து வைத்திருந்தார். அவர் போன பிறகு ஆர்டிஸின் கணவன் ராஜர், அம்மா வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கட்டும் என்றான். ராஜர் நோயில் படுத்தபோது முன்னறை அவனுக்கான ஆஸ்பத்திரி அறையானது. அவனும் போன பிறகு, சோபாவை ஜன்னல் பக்கம் திருப்பலாமா என்று ஆர்டிஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது கிரெட்டாவின் சாமான்கள் வந்து இறங்கின. அந்த வீட்டில் அவள் தன் இஷ்டத்துக்கு ஒரு ஆணிகூட அடித்ததில்லை. யாரும் தடுத்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். எப்போதும் அங்கே வேறு யாருக்காவது அவசரமான தேவை இருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியது ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கதவு. தான் சொல்லும் இடத்தில் எல்லாம் இருக்க வேண்டும்.

3

அதற்கு நடுவே நின்றது ஒரு விதி.

எங்கள் ஊரில் மனைகள் ஒடுங்கியவை. பழைய கராஜ்கள் பலவும் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும். இன்றைய சட்டப்படி அப்படிக் கட்ட முடியாது. ஆனால் பழையது நிற்கும் வரை அதற்குப் பழைய உரிமை உண்டு. எல்லைச் சுவரின் மரச்சட்டம், அஸ்திவாரத்தின் மேல் போட்ட இடத்தில் நின்றால் போதும், மற்றதையெல்லாம் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தச் சுவரும் விழுந்துவிட்டால் அது புதுக் கட்டடம். எல்லையிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். ஆர்டிஸின் மனையில் தள்ளினால் மிஞ்சுவது ஒரு கோழிக்கூட்டுக்கான இடம்.

அவளுடைய எல்லைச் சுவர் எங்கள் தோட்டத்தைப் பார்த்தது. அதாவது என் ஜன்னலை. அவளுடைய வீடு, அவளுடைய கதவு எல்லாம் அந்த ஒரு சுவர் நிற்பதைப் பொறுத்தது. அதுவோ மற்ற மூன்றோடும் சேர்ந்து, வருஷா வருஷம் பனிச்சுமை தாங்கி, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது.

இப்போது வெர்ன்.

முதல் வரைவில் வெர்னை ஒரு தச்சராக ஆக்கியிருந்தேன். மரத்தைத் தடவிப் பார்த்தே அதன் வயதைச் சொல்வார், அதிகம் பேசமாட்டார், கைகள் மட்டும் பேசும். மூன்று பக்கம் எழுதினேன். பிறகு ஜன்னல் வழியே நிஜ வெர்னைப் பார்த்தேன். ஒரு பலகையில் ஆணி அடித்துவிட்டு, தன் சட்டையும் அந்தப் பலகையோடு சேர்த்து அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

[அந்த மூன்று பக்கங்களையும் கிழித்துவிட்டேன்.]

வெர்ன் ஸ்கூல் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்டிஸ் ஓட்டிய ஒவ்வொரு பஸ்ஸும் அவர் கையால் பழுது பார்த்தது. இன்ஜினைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். மரவேலையில், உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பதற்காக ஒரு சின்னக் குடில் கட்டியிருக்கிறார். அதன் கதவு வெளியேயிருந்து மட்டும்தான் திறக்கும். இரண்டு முறை உள்ளே மாட்டிக்கொண்டார் என்று ஆர்டிஸ் சொன்னாள். ஒரே முறைதான் என்று அவர் திருத்தினார்.

* கதாநாயகனுக்கு இவ்வளவு போதுமா என்ற சந்தேகம் எனக்கு வந்தது உண்மை. ஆண்டு மலர் ஓவியர் இவரை எப்படி வரைவார்?

4

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைப் பற்றி இனி சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் விடிந்து கதவைத் திறந்தால், வாசல் பாதையில் விழுந்த பனியை யாரோ ஏற்கனவே தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். யாரென்று விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் அவருக்குச் சங்கடம். 'உதவட்டுமா' என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் 'வேண்டாம், பரவாயில்லை' என்றுதான் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் மரியாதை. அப்படிச் சொல்ல வைப்பது அநாகரிகம். ஆகவே உண்மையாகவே பிரியம் உள்ளவர்கள், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெர்னுக்கு ஆர்டிஸின் மேல் பிரியம் இருந்தது. எவ்வளவு என்பதை அவர் ஒரு நாள் காலை, ஆர்டிஸ் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போன பிறகு, எல்லைச் சுவரின் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்தபோது தெரிந்துகொண்டேன்.

மரச்சட்டத்தை அவர் தொடவில்லை. அது நிற்க வேண்டும் என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள். மேலே இருந்த பலகைகள் உளுத்துப்போயிருந்தன. அவள் திரும்பி வரும்போது சுவர் முழுக்கப் புதுப் பிளைவுட்டோடு பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிளைவுட் வண்டியில் தயாராக இருந்தது. ஒவ்வொரு பலகையாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றியிருக்கலாம். அவர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினார்.

அந்த உளுத்த பலகைகள்தான் இத்தனை காலமும் கராஜைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நீண்ட முனகல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் கராஜ் வீட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கத்து மூலையில் வெர்ன் முதுகைக் கொடுத்து நின்றிருந்தார்.

[இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். 'தன் தோளில் ஒரு வீட்டையே' என்றெல்லாம். வேண்டாம். ஒரு மனிதர் முதுகால் ஒரு கராஜைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.]

ஓடினேன். ஆர்டிஸுக்கு போன் செய்ய வேண்டாம் என்றார் வெர்ன். செய்தேன்.

அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே கேள்வி.

"சுவர் நிக்குதா?"

"நிக்குது. வெர்ன் முட்டுக் குடுத்துட்டு நிக்கிறார்."

"எப்படி இருக்காருன்னு கேளு."

கேட்டேன். வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பரவால்லன்னு சொல்லுங்க."

"பரவால்லங்கறார் ஆர்டிஸ்."

எங்கள் ஊரில் ஒருவர் பரவாயில்லை என்று சொன்னால் எந்த அளவுக்கு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

"இப்பவே வர்றேன்" என்றாள்.

5

வந்தாள். பஸ்ஸோடு வந்தாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பஸ்ஸைப் பணிமனைக்குக் கொண்டுபோகாமல் நேரே எங்கள் பின்சந்துக்குத் திருப்பியிருக்கிறாள். அந்த மஞ்சள் வண்டி சந்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்து லைலாக் செடிகளையும் உரசிக்கொண்டு வந்து நின்றது. கதவு மடிந்து திறந்தது. ஆர்டிஸ் இறங்கினாள். பலகை இல்லாத சுவரைப் பார்த்தாள். வெர்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார் வெர்ன்.

"குடுத்துட்டீங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. வெர்னின் பிக்கப்பில் ஒரு கை வின்ச் இருந்தது. பனியில் சிக்கிய வண்டிகளை இழுக்கிற சாதனம். நெம்பியை முன்னும் பின்னும் ஆட்டினால் கம்பிவடம் பல் பல்லாக உள்ளே சுருளும். வடத்தின் ஒரு முனையைக் கராஜின் மேல் மூலையில் உத்தரத்தைச் சுற்றிக் கட்டினாள். வின்ச்சை பஸ்ஸின் அடிச்சட்டத்தில் மாட்டினாள். வீட்டுப் பக்கம் சாய்ந்த கட்டடத்தைச் சந்துப் பக்கம் இழுத்துப் பிடிக்க, எங்கள் தெருவில் அந்த நேரத்தில் பஸ்ஸை விடக் கனமான பொருள் வேறெதுவும் இல்லை. வடம் இறுகியதும் வெர்ன் முதுகை எடுத்தார். மெதுவாகத்தான் நிமிர முடிந்தது.

கராஜ் விழாது. ஆனால் மதியம் பள்ளி விடும்போது பஸ் போயாக வேண்டும். பஸ் போனால் கராஜும் போகும். அதற்குள் அதை நிமிர்த்திப் பிளைவுட் அடித்து இறுக்கியாக வேண்டும்.

வெர்ன் நெம்பியைப் பிடித்து இழுத்தார். முதுகு ஒத்துழைக்கவில்லை. நான் பிடித்தேன், எனக்கு அது அசையக்கூட இல்லை. ஆர்டிஸ் மூலையில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே முட்டுக் கட்டைகளை நகர்த்த வேண்டும், அவளால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

அப்போதுதான் கிரெட்டாவைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, தள்ளுவண்டியில் ஒரு குழந்தையோடு புல்வெளியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

(எழுதுகிறவளாக ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையில் கிரெட்டா எதுவுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். மதியம் வரும், பஸ் போகும், சுவர் விழும். அம்மா வீட்டுக்குள்ளேயே இருப்பாள். ஊரும் எதுவும் பேசாது. அவள் கேட்டது அதுதான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கலாம். காத்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

கிரெட்டா வந்து இடுப்பில் இருந்த குழந்தையை என் கையில் கொடுத்தாள். நெம்பியைப் பிடித்தாள்.

ஒரு பல். இன்னொரு பல். வடம் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. மேலே கூரையிலிருந்து பழைய குளவிக்கூடு ஒன்று உதிர்ந்தது. ஆர்டிஸ் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள், கட்டையை நகர்த்தினாள், மறுபடி இழுக்கச் சொன்னாள். அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும். நிமிர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தத்தில்தான் தெரிந்தது. முனகல் மெல்ல மெல்ல வேறு ஸ்தாயிக்கு ஏறியது.

கிரெட்டா மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"விழுந்தா நல்லதுன்னு கொஞ்ச நேரம் நினைச்சேன்மா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நானும் உங்க பாட்டி வீட்டுக் கூரையைப் பாத்து அப்படி நினைச்சிருக்கேன். இழு."

இழுத்தாள். சிரித்துக்கொண்டே இழுத்ததால் பாதிப் பல் பின்னால் போனது, மறுபடி இழுத்தாள். உள்ளே எங்கேயோ ஒரு பெரிய 'டக்'. வெர்ன் பதறி முன்னால் வந்தார். சந்துப் பக்கத்து ஜன்னலின் கண்ணாடிச் சட்டம், இத்தனை வருஷமாகக் கோணலில் இறுகித் திறக்காமல் கிடந்தது, நெருக்கம் விட்டுப்போய்த் தானாகக் கீழே இறங்கியிருந்தது.

ஆர்டிஸ் தூக்குக் குண்டின் அருகே குனிந்தாள். குண்டு ஆடி, ஆடி, நின்றது. நூலுக்கும் மரத்துக்கும் இடையே மேலும் கீழும் ஒரே இடைவெளி. அவள் ஒரு கையைச் சுவரின் மேல் வைத்தாள், மாட்டின் முதுகில் வைப்பதுபோல.

"அடிங்க" என்றாள் வெர்னிடம்.

வெர்ன் அடித்தார். குழந்தையைத் தள்ளுவண்டியில் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பெண்களும் பிளைவுட்டைப் பிடித்தோம். இந்த முறை வெர்ன் சட்டையை முன்னதாகவே கழற்றி வைத்துவிட்டார். கடைசிப் பலகை ஏறியதும் ஆர்டிஸ் வடத்தைத் தளர்த்தினாள். கராஜ் அசையவில்லை. அவள் வின்ச்சைக் கழற்றி வெர்னிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸில் ஏறினாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றாள். சந்து முனையில் திரும்பும்போது ஹாரனை ஒரு முறை அழுத்தினாள். குறுகிய சத்தமில்லை, சந்து முழுக்க, தெரு முழுக்க, ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

வெர்ன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, ஹாரனைக் கோபத்திலா அடித்தாள் என்று என்னைக் கேட்டார். நான் எழுதுகிறவள், பதில் தெரிந்திருக்க வேண்டும். இல்லை என்றேன்.

6

இந்தப் பகுதி சின்னது. சந்தோஷமான விஷயங்களுக்கு அதிக வரி தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம். மாதாந்திரத் தொடர் எழுதும்போது இதுதான் பெரிய கஷ்டம்.

நகராட்சியிலிருந்து ஜோலீன் என்ற இன்ஸ்பெக்டர் வந்தாள். எல்லைச் சுவரின் சட்டத்தை அஸ்திவாரத்திலிருந்து உச்சி வரை பார்த்தாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள். கருவியின் மேல் சந்தேகம் போல.

"ரொம்ப மோசமில்ல" என்றாள்.

* மொழிபெயர்ப்பு: அற்புதம். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

கோடை முழுவதும் வேலை நடந்தது. குளிர் புகாத அட்டை, தரை, தண்ணீர்க் குழாய், ஒரு சின்ன அடுப்பு. வெர்ன் தினமும் வந்தார். இனி ஆள் இருக்கும்போது மட்டும்தான் வர வேண்டும் என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள். கிரெட்டா குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து சுவருக்கு வெள்ளை அடித்தாள். கதவுக்கு மட்டும் நிறம் ஆர்டிஸ் தேர்ந்தெடுத்தாள்: ஆரஞ்சு. பழுத்த, கூசுகிற ஆரஞ்சு. கிரெட்டா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றாள். இந்த ஊரில் இதைவிடப் பெரிய திட்டும் கிடையாது. ஆர்டிஸ் நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது பூச்சு அடித்தாள்.

பிறகு சுத்தியலோடு உள்ளே போனாள். தனியாக. ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நிற்கும், ஏதோ பிடுங்கும் சத்தம் வரும், வேறு இடத்தில் மறுபடி அடிக்கும். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

7

முடிவு வேண்டும். ஆண்டு மலருக்கு நாள் நெருங்கிவிட்டது. மூன்று முடிவுகள் எழுதினேன். ஆர்டிஸ் தோட்டத்தில் உட்கார்ந்து ருபார்ப் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கே சொல்லிக் காட்டினேன்.

முதல் முடிவு: கராஜின் ஆரஞ்சுக் கதவுக்கு முன்னால், லைலாக் பூத்திருக்க, ஆர்டிஸும் வெர்னும் கைகோத்து நிற்கிறார்கள். பாதிரியார் புத்தகத்தைத் திறக்கிறார்.

கத்தி நின்றது.

"என்னை யார் வீட்டுக்கு அனுப்பற?"

"யார் வீட்டுக்கும் இல்ல. இங்கேயேதான்."

"அப்ப அவர் இங்க வருவார். அவரோட மீன்பிடி சாமானெல்லாம் வரும். அதை எங்க வைக்கறது? இப்பதான் ஒரு அலமாரி நான் நினைச்ச இடத்துல மாட்டியிருக்கேன்."

[அடித்துவிட்டேன். ஓவியருக்குத்தான் வருத்தமாக இருக்கும்.]

இரண்டாவது முடிவு: கிரெட்டா அம்மாவின் தோளில் சாய்ந்து அழுகிறாள், என்னை மன்னித்துவிடு என்கிறாள்.

"கிரெட்டா வெளியாளுங்க முன்னால அழமாட்டா. அதுவும் நீ எழுதறதுக்காக அழவே மாட்டா."

[இதையும்.]

மூன்றாவதில் கொஞ்சம் இலக்கியம் கலந்திருந்தேன். முதல் பனி விழுகிறது. கராஜில் தனியே இருக்கும் ஆர்டிஸுக்கு வீட்டு ஜன்னலின் வெளிச்சம் தெரிகிறது. தான் கேட்டது கிடைத்தும், கிடைத்ததில் ஏதோ ஒரு

"இது நீ பொறாமையில எழுதினது" என்றாள் ஆர்டிஸ், ருபார்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரியாகத்தான் சொன்னாள். பாதியிலேயே விட்டுவிட்டேன், வாக்கியத்தின் மிச்சம் எனக்கே ஞாபகமில்லை.

8

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆர்டிஸ் குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவளோடு நான் மட்டும் உள்ளே இருந்தேன். சோபா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கரண்டிகள் இழுப்பறையில் இல்லை. அடுப்புக்கு மேலே கொக்கிகளில் தொங்கின. ஏன் என்று கேட்டேன். தொங்கினால் பார்க்க நன்றாக இருக்கிறது என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே காலடிச் சத்தம். வெர்ன் என்று நடையிலேயே தெரிந்தது. முதுகு இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. இங்கே யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, 'யாராவது இருக்கீங்களா' என்று குரல் கொடுப்பார்கள். அந்தப் பெரிய வீட்டுக்குள் வெர்ன் அப்படித்தான் வந்தார், நானும் அப்படித்தான் போனேன், தபால்காரர்கூட அப்படித்தான்.

காலடி கதவுக்கு வெளியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு கதவு தட்டப்பட்டது.

ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை. நான் எழப் பார்த்தேன். பார்வையாலேயே உட்கார வைத்தாள். தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். காலை நீட்டிக்கொண்டாள். தன் கதவு ஒன்று தட்டப்படும் சத்தத்தை, அது முடிந்த பிறகும், கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்ட மனசு நிறைவது என்பது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் எழுதியும் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம், பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்கிற குரலில், சொன்னாள்: "கம் இன்."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கதையில் வெர்னும் ஆர்டிஸும் ஒருவருக்கொருவர் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறார்கள். அது அவர்கள் பேசியதில்லை, நான் போட்டது. அவர்கள் மொழியில் எல்லோருக்கும் ஒரே சொல்தான்; பணிமனையில் கூட வேலை செய்தவருக்கும் அதுதான், கட்டிக்கொள்பவருக்கும் அதுதான். தமிழில் எழுதும் எனக்கு அந்த வசதி இல்லை. 'உள்ளே வாங்க' என்று எழுதினால் அவர் நல்ல நண்பர், சூப் குடித்துவிட்டு மாலையில் போய்விடுவார், கரண்டிகள் தொங்கிய இடத்திலேயே தொங்கும். 'உள்ளே வா' என்று எழுதினால் அது வேறு கதை. அந்த வேறு கதையிலும் கரண்டிகள் நகரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் கேள்வி எழும்.

ஆர்டிஸிடமே கேட்டேன். இரண்டு சொல்லுக்கும் வித்தியாசத்தை விளக்கிச் சொல்லி, எது என்றேன். நிறைய நேரம் சிரித்தாள்.

"கூப்பிடறதுக்குள்ள உங்க மொழியில இவ்வளவு வச்சிருக்கீங்களா? எனக்கு எங்க மொழியே வசதி. யாரும் என்னைக் கேக்க முடியாது."

அவளுடைய கதவு, அவளுடைய சொல். அதைத் திறந்து பார்க்க எனக்கு உரிமையில்லை. ஆனால் வெர்ன் வெளியே நின்றுகொண்டிருக்கிறார், சூப் ஆறுகிறது, பத்திரிகை காத்திருக்கிறது. அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த எழுத்துக்களை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன். முற்றுப்புள்ளி வைப்பதோ, இன்னும் இரண்டு எழுத்து சேர்ப்பதோ உங்கள் பாடு.

ஆர்டிஸ் தன் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னாள்: "உள்ளே வா